சதுரங்கப் பலகையின் அரிசி எண் 18446744073709551615: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலையில் வீட்டுத் திண்ணையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அடுக்குகள் பாடம் வந்தால் சதுரங்கப் பலகை அரிசிக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. கதை முடிந்ததும் கேள்விகள் வரும். பிள்ளைகள் கேட்பார்கள், கூட்டிப்போக வந்த அப்பா கேட்பார், மென்பொருள் வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் போனில் கேட்பார்கள். ஆண்டுதோறும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். இந்த எண்ணுக்கு வசதிக்காக 'அரிசி எண்' என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

இது என்ன எண் சார்? எங்கிருந்து வந்தது?

சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு, எட்டு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் பலகையில் மொத்தம் எத்தனை அரிசி இருக்கும்? 18446744073709551615. சதுரங்கத்தைக் கண்டுபிடித்த சீசா என்பவர் அரசனிடம் கேட்ட பரிசு இது என்று கதை சொல்வார்கள். 13-ஆம் நூற்றாண்டிலேயே அரபு மொழியில் எழுதிவைத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், கி.பி. 1000-ஐ ஒட்டி, அல்பிரூனி என்ற அறிஞர் இந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரை சரியாகக் கணக்கிட்டிருக்கிறார்.

இதை எப்படிப் படிக்கிறது?

நம் முறைப்படி காற்புள்ளி போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுப் படிக்கக் 'கோடி கோடி'யை அலகாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

'பழந்தமிழில் இதற்குத் தனிப் பெயர் இருக்குமே?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆம்பல், சங்கம், வெள்ளம் என்று பேரெண்களுக்குப் பெயர்கள் சங்க இலக்கியத்திலேயே வருகின்றன. ஆனால் எந்தப் பெயர் எத்தனை சுழிக்கு என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் வேறுபாடு. வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலை நம்பி வகுப்பில் சொல்ல எனக்கு மனம் வராது. கோடி கோடியே போதும்.

64 கட்டத்தையும் கூட்டியா பார்த்தீங்க? குறுக்கு வழி இல்லையா?

இருக்கிறது, ஒரே வரியில். பலகையில் இருக்கும் மொத்தத்துடன் இன்னும் ஓர் அரிசி சேருங்கள். அந்த ஒன்றும் முதல் கட்டத்து ஒன்றும் சேர்ந்து 2. அதை இரண்டாம் கட்டத்து 2-உடன் சேர்த்தால் 4. மூன்றாம் கட்டத்து 4-உடன் சேர்த்தால் 8. இப்படியே 64 கட்டமும் சரிந்து கடைசியில் 2⁶⁴ ஆகிவிடும். கூடுதலாகப் போட்ட ஓர் அரிசியைத் திரும்ப எடுத்துக்கொண்டால் மொத்தம் 2⁶⁴ − 1.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதற்கு முந்தைய எல்லாக் கட்டங்களின் கூட்டுத்தொகையைவிட அதில் ஓர் அரிசி அதிகம். 64-ஆம் கட்டத்தில் மட்டும் 2⁶³ அரிசி, முதல் 63 கட்டங்களிலும் சேர்த்து 2⁶³ − 1. இந்த 'ஒன்று குறைவு' என்பதை நினைவில் வையுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

சரி, ஆனா 2-ஐ 64 தடவை பெருக்கணுமே?

வேண்டாம். தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு போங்கள்: 2, 4, 16, 256, 65536, 4294967296. ஐந்து பெருக்கலில் 2³² வந்துவிட்டது. இன்னும் ஒரு பெருக்கல் போட்டால் 2⁶⁴. அல்பிரூனியும் இப்படி வர்க்கப்படுத்தித்தான் போனார். கடைசிப் பெருக்கல் மட்டும் நீளமானது, பத்து இலக்கத்தைப் பத்து இலக்கத்தால் பெருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நோட்டில் போட்டுப் பாருங்கள். முதல் தடவையிலேயே சரியாக வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவ்வளவு அரிசி நிஜமாவே எவ்வளவுதான் இருக்கும்?

ஆயிரம் அரிசி 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம் (மெலிசான அரிசியானால் எடை குறையும்). முதல் 16 கட்டம் வரை மொத்தமே ஒன்றரைக் கிலோ சொச்சம், அரசன் சிரித்துக்கொண்டிருப்பார். 24 கட்டம் முடியும்போது 420 கிலோ, 25 கிலோ சிப்பத்தில் பதினேழு. பாதிப் பலகை, அதாவது 32 கட்டம், முடியும்போது சுமார் 107 டன். அதுவும் பெரிய கஷ்டமில்லை, பத்துப் பதினொரு லாரி லோடு.

மீதிப் பாதியில்தான் கதை மாறுகிறது. 64 கட்டமும் நிறைந்தால் ஏறத்தாழ 46,000 கோடி டன். இன்று உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். ஆக ஓர் அரிசி மணிகூட உண்ணாமல் சேர்த்தாலும் ஏறத்தாழ 900 ஆண்டு விளைச்சல் வேண்டும்.

அம்பலப்புழை பாயசக் கதையும் இதுவும் ஒண்ணா?

கணக்கு ஒன்றுதான், கதை கேரளத்தது. கிருஷ்ணன் ஒரு முனிவர் வேடத்தில் வந்து அரசனோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து, 64 கட்டத்துக்கும் அரிசி கேட்டாராம். அரசனால் கொடுக்க முடியவில்லை. கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக, கோயிலில் தினமும் பால் பாயசமாகத் தீர்க்கச் சொன்னாராம். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் கடன் இன்னும் அடையவில்லை, பாயசம் தொடரும்.

கடைசி இலக்கம் 5-னு பெருக்கிப் பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க?

2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகத் திரும்பும். 64 நான்கின் மடங்கு என்பதால் 2⁶⁴ ஆறில் முடியும். ஒன்று குறைத்தால் 5. ஆக 5 இதன் காரணி. இலக்கங்களைக் கூட்டினால் 87, அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. அப்படியென்றால் 3-உம் காரணி, ஆனால் ஒரே ஒரு தடவைதான்.

அப்போ இது பகா எண் இல்லை. சரி, முழுக் காரணிகளையும் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இருபது இலக்கமாச்சே?

ஏதோ ஓர் இருபது இலக்க எண் என்றால் கையால் காரணிப்படுத்துவது நரக வேதனை. இந்த எண்ணைத் திறக்க எட்டாம் வகுப்புச் சூத்திரம் போதும்: a² − b² = (a + b)(a − b). 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். அதனால் 2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). இரண்டாவது அடைப்புக்குறியிலும் அதே கதை: (2¹⁶ + 1)(2¹⁶ − 1). இப்படி வெங்காயம் மாதிரி உரித்துக்கொண்டே வந்தால்:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறும் 2ⁿ + 1 வடிவத்தில் இருக்கின்றன, n என்பது 1, 2, 4, 8, 16, 32. இவற்றைப் பெர்மா எண்கள் என்பார்கள். முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது பகா எண் இல்லை: 4294967297 = 641 × 6700417. ஆக அரிசி எண்ணின் பகாக் காரணிகள் மொத்தம் ஏழு: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. எதுவும் இரண்டு தடவை வராது.

இந்த 641 எங்கிருந்து சார் குதிச்சது?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். 17-ஆம் நூற்றாண்டில் பெர்மா என்ற பிரெஞ்சு வழக்கறிஞர், கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு, இந்த வடிவ எண்கள் எல்லாமே பகா எண்கள்தான் என்று நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை அவர் சொன்னது சரி. அடுத்த எண்ணிலேயே தவறிவிட்டது. 1732-இல் ஆய்லர் என்ற கணித மேதைதான் 4294967297-ஐ 641 மீதியில்லாமல் வகுக்கும் என்று காட்டினார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்கவில்லை. இந்த எண்ணுக்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாகத்தான் இருக்கும் என்பது அவர் கண்ட விதி. அந்த வடிவத்தில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் அகப்பட்டுவிட்டது! பின்னால் லூக்காஸ் என்ற கணித அறிஞர் இதை இன்னும் இறுக்கி, 128-இன் மடங்கைவிட ஒன்று அதிகம் என்றார். அப்படிப் பார்த்தால் 257, அடுத்து 641. இரண்டே முயற்சி.

வகுக்காமலே நிரூபிக்கவும் ஒரு வழி உண்டு. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1 என்றும், 5⁴ + 2⁴ என்றும். x⁴ − 1-ஐ எப்போதும் x + 1 வகுக்கும். x-க்குப் பதில் 5 × 2⁷ போட்டால், 5⁴ × 2²⁸ − 1-ஐ 641 வகுக்கும். இரண்டாவது வடிவத்தை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³². அதையும் 641 வகுக்கும். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 2³² + 1, அதாவது நம் 4294967297. இதைப் பலகையில் எழுதி முடிக்கும்போது திண்ணையில் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது.

6700417 பகா எண்தான்னு எப்படி உறுதியா சொல்றது?

அதற்குக் காரணி இருந்தால் சிறிய காரணி 2588-ஐத் தாண்டாது (அதன் வர்க்கமூலம் அவ்வளவுதான்). அந்தக் காரணி 4294967297-ஐயும் வகுக்கும் என்பதால் லூக்காஸ் விதி அதற்கும் பொருந்தும். அதையும் சேர்த்தால் சோதிக்க வேண்டிய பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. வகுத்துப் பார்த்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஐந்திலும் மீதி வருகிறது, எனவே பகா எண். நூற்றுக்கணக்கான வகுத்தல் என்று பயந்தவர்களுக்கு ஐந்து வகுத்தல்.

எந்தக் காரணியும் ரெண்டு தடவை வராதுன்னீங்களே, ஏன்?

மேலே உரித்த அடைப்புக்குறிகளைப் பாருங்கள். 2³² + 1-க்கும் 2³² − 1-க்கும் வித்தியாசம் 2. இரண்டையும் ஓர் எண் வகுத்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். இரண்டுமே ஒற்றைப்படை, ஆகவே அவற்றுக்குப் பொதுக்காரணி 1 மட்டுமே. ஒவ்வொரு உரிப்பிலும் இதே நிலைமை. மீதி ஒரே சந்தேகம் 641-உம் 6700417-உம் சமமா என்பது, அது கண்ணாலேயே தெரிகிறது.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

128. ஏழு பகாக் காரணிகள் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், 2⁷ வழிகள். 1-உம் அந்த எண்ணும் இதில் அடக்கம்.

7, 11, 13 எல்லாம் ஏன் காரணியா வரலை? சின்ன எண்ணுங்கதானே முதல்ல வரணும்?

2-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்து மீதிகளைப் பாருங்கள்: 2, 4, 1, மறுபடி 2, 4, 1. மூன்றுக்கு ஒருமுறை மீதி 1 வருகிறது. 7 அரிசி எண்ணை வகுக்க வேண்டுமென்றால் 2⁶⁴-இல் மீதி 1 வர வேண்டும், அதாவது 64 மூன்றின் மடங்காக இருக்க வேண்டும். இல்லையே. 11-க்குச் சுற்று 10, 13-க்குச் சுற்று 12. இவையும் 64-ஐ வகுக்காது.

64-இன் வகுத்திகள் எல்லாம் 2-இன் அடுக்குகள். ஆகவே சுற்று நீளம் 2, 4, 8, 16, 32, 64 ஆக உள்ள பகா எண்கள் மட்டுமே உள்ளே வர முடியும். 3-க்குச் சுற்று 2, 5-க்கு 4, 17-க்கு 8, 257-க்கு 16, 65537-க்கு 32, 641-க்கும் 6700417-க்கும் 64. வேறு யாருக்கும் அனுமதி இல்லை. (இந்த 65537-ஐ நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். இணையத்தில் செய்திகளைப் பூட்டும் ஆர்.எஸ்.ஏ. முறையில் பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் வைப்பது இந்த எண்ணைத்தான்.)

இது வர்க்க எண்ணா? இல்லேன்னா ரெண்டு வர்க்கத்தின் கூட்டலாவது ஆகுமா?

வர்க்க எண்ணுக்கு ஒன்று முந்தைய எண், எனவே வர்க்கம் ஆகாது. இரண்டு வர்க்கங்களின் கூட்டலும் ஆகாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருகிறது, வர்க்கங்களுக்கு அந்த மீதி 0 அல்லது 1 மட்டுமே. இரண்டைக் கூட்டினால் 2-ஐத் தாண்டாது.

மூன்று வர்க்கங்கள்? அதுவும் கிடையாது. 8-ஆல் வகுத்தால் இந்த எண்ணுக்கு மீதி 7. வர்க்கங்களை 8-ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 தவிர வேறு வராது. அவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் மீதி 7 கிடைக்காது, போட்டுப் பாருங்கள். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று லக்ராஞ்சி 1770-இல் நிரூபித்தார். அந்த நான்கும் கண்டிப்பாக வேண்டியிருக்கும் எண்களில் நம்முடையதும் ஒன்று.

17 பக்க உருவத்தை ஸ்கேல், காம்பஸ் வச்சு வரையலாமாமே? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1796-இல், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத காவுஸ், ஒழுங்கான 17 பக்க உருவத்தை அளவில்லாத அடிக்கோலும் கவராயமும் கொண்டு வரைய முடியும் என்று காட்டினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ள ஒழுங்கான உருவத்தை வரைய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு பெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். இன்றுவரை தெரிந்த பெர்மா பகா எண்கள் அந்த முதல் ஐந்து மட்டுமே. ஐந்தையும் பெருக்கினால் 4294967295, அதாவது பாதிப் பலகையின் அரிசி! வரைய முடியும் என்று இன்று தெரிந்துள்ள ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கைகளில் மிகப் பெரியது இதுதான்.

முழுப் பலகையின் எண்ணுக்கு அது நடக்காது. 641-உம் 6700417-உம் பெர்மா எண்கள் அல்ல, அவை உள்ளே புகுந்து காரியத்தைக் கெடுத்துவிட்டன.

ஹனாய் கோபுரம்னு ஒரு விளையாட்டு, அதிலேயும் இதே எண் வருதே?

லூக்காஸ் 1883-இல் வெளியிட்ட புதிர் அது. மேலே 128 விதியைச் சொன்ன அதே லூக்காஸ்தான். மூன்று கம்பிகள், அளவு வாரியாக அடுக்கிய வட்டுகள், பெரியதைச் சிறியதன்மேல் வைக்கக் கூடாது. n வட்டுகளை இடம் மாற்றக் குறைந்தது 2ⁿ − 1 நகர்வுகள் வேண்டும். காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வட்டுகளை அர்ச்சகர்கள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்தால் உலகம் அழியும் என்ற கதையும் புதிரோடு கட்டிவிடப்பட்டதுதான். காசிக்குப் போய்த் தேட வேண்டாம்.

நொடிக்கு ஒரு நகர்வு என்றாலும் 58,454 கோடி ஆண்டுகள் ஆகும். அண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள்.

எக்செல்ல 2^64-1 போட்டா கடைசி அஞ்சு இலக்கமும் சுழியா வருது. எது சரி?

உங்கள் நோட்டுப் புத்தகம்தான் சரி. எக்செல் பதினைந்து இலக்கம் வரைதான் காட்டும், பதினைந்தாவது இலக்கத்தை முழுதாக்கி (95 என்பது 96 ஆகிவிடும்) மீதியைச் சுழியால் நிரப்பிவிடும். அதனால் 18446744073709600000 என்று தெரிகிறது. இதற்கும் அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இப்படிப்பட்ட மென்பொருள்கள் எண்ணின் முதல் 53 இரும இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்கின்றன. அரிசி எண்ணுக்கோ 64 வேண்டும். அதனால் 1-ஐக் கழித்ததே உள்ளே பதிவாகாது. 2⁶⁴-உம் 2⁶⁴ − 1-உம் அதற்கு ஒன்றுதான்.

ப்ரோகிராம்ல -1 கொடுத்தேன், 18446744073709551615-னு அச்சடிச்சுது. பேயா?

பேய் இல்லை. இந்த எண்ணை இரும முறையில் எழுதினால் 64 ஒன்றுகள், ஒவ்வொரு கட்டமும் ஓர் இரும இலக்கம். 64 பிட் (இரும இலக்கம்) இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இது. பைக்கின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000-க்குத் திரும்புகிறதல்லவா, அதே மாதிரி இதனுடன் 1 சேர்த்தால் கணினிக்குச் சுழி. எதனுடன் 1 சேர்த்தால் சுழி வருமோ அதுதான் −1. ஆகவே கணினி −1-ஐ 64 ஒன்றுகளாகவே எழுதிவைக்கிறது. அதைக் குறி இல்லாத எண்ணாகப் படிக்கச் சொன்னால் அரிசி எண்ணாகப் படித்துவிடும்.

குறை எண்களுக்கும் இடம் விட்டால் மிகப் பெரிய எண் 9223372036854775807. அது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? மூன்றாவது கேள்வியில் வந்த முதல் 63 கட்டங்களின் அரிசி.

கடைசியா ஒண்ணு. இந்த எண்ணோட பொதுக்காரணியே இல்லாத எண்கள் இதுக்குக் கீழே எத்தனை இருக்கும்?

கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டது. ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 640 × 65536 × 6700416. விடை 9208981628670443520. பாதிக்கு மயிரிழை குறைவு. பாதிப் பலகையின் எண்ணுக்கு இதே கணக்கைப் போட்டால் 2 × 4 × 16 × 256 × 65536, அதாவது துல்லியமாக 2³¹, 32-ஆம் கட்டத்தில் இருக்கும் அரிசி. முழுப் பலகைக்கும் அப்படி 64-ஆம் கட்டத்து அரிசியே விடையாக வந்திருக்கும், பெர்மா சொன்னபடி 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால். அதைக் கெடுத்ததும் 641-தான்.